கையெழுத்துப் போட்ட பிறகு படித்த தாள்

2023 மே 20ஆம் தேதி அதிகாலை நான்கு மணி இருக்கும். திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையின் பிரசவ அறையில், ஒரு வலி அடங்கி அடுத்த வலி கிளம்புவதற்குள் கிடைத்த ஒரு நிமிடத்தில், செவிலியர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டேன். இரண்டு இடத்தில் போடச் சொன்னார்; போட்டேன். அதில் என்ன எழுதியிருந்தது என்பதை மூன்று மாதம் கழித்து, அந்தத் தாளின் நகலைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துப் படித்தபோதுதான் தெரிந்துகொண்டேன். என் மகள் நலமாக இருக்கிறாள், நானும் நலமாக இருக்கிறேன். ஆனாலும் அந்தப் பிரசவத்துக்குப் பிறகு வந்த நான்கைந்து மாதங்களில் நான் பட்ட மனவேதனையில் பாதியாவது, யாராவது முன்கூட்டியே உட்கார வைத்துப் பேசியிருந்தால் வந்திருக்காது. அப்படிப் பேச யாரும் இல்லாதவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கருவுற்றிருந்த ஒன்பது மாதமும் எனக்குச் சிசேரியன் மீது இருந்ததைப் பயம் என்று சொல்ல முடியாது. உண்மையைச் சொன்னால், அது ஒருவகை இளக்காரம். என் அம்மா என்னையும் தம்பியையும் கத்தி படாமல் பெற்றவர். என் மாமியார் மூன்று பிள்ளைகளையும் முசிறிக்குப் பக்கத்தில் கிராமத்து வீட்டிலேயே பெற்றவர். வளைகாப்பு அன்று வந்து வளையல் போட்ட பெண்கள் எல்லோரும் ஒரே வாழ்த்தைத்தான் சொன்னார்கள்: “நல்லபடியா சுகப்பிரசவம் ஆகணும்.” நம் மொழியில் இயல்பாகப் பிறப்பதற்கே அப்படிப் பெயர் வைத்துவிட்டோம், மற்றொன்றுக்கு என்ன மிச்சம் இருக்கிறது என்று அன்று நான் யோசிக்கவில்லை. சிசேரியன் என்றால் ஒன்று மருத்துவமனையின் பணத்தாசை, இல்லையென்றால் வலி பொறுக்காத பெண்ணின் சோம்பல் என்பதே என் முடிவாக இருந்தது. தினமும் மாலையில் ஒரு மணி நேரம் நடந்தேன், சீரகத் தண்ணீர் குடித்தேன், கர்ப்பகால யோகா வகுப்புக்குப் போனேன், மலைக்கோட்டையில் தாயுமானவருக்கு வாழைத்தார் நேர்ந்துகொண்டேன். இத்தனையும் செய்துவிட்டதால் எனக்கு அது வராது என்று நம்பினேன். வராது என்று நம்பிய ஒரு விஷயத்தைப் பற்றி யாராவது கேள்வி கேட்பார்களா? நானும் கேட்கவில்லை. ஒன்பது மாதத்தில் பன்னிரண்டு முறை மருத்துவரைப் பார்த்தேன்; அறுவைச் சிகிச்சையைப் பற்றி ஒரே ஒரு கேள்விகூட என் வாயிலிருந்து வரவில்லை.

இத்தனைக்கும் எங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில், பிறப்புச் சான்றிதழுக்குத் தேவையான பிக்மி எண் வாங்கப் போயிருந்தபோது, அங்கிருந்த செவிலியர் என் அட்டையைப் பார்த்துக்கொண்டே, “ஆபரேஷன் ஆனாலும் ஆகலாம்மா, அதுக்கு என்னென்ன கேக்கணும்னு இப்பவே ஒரு நோட்டுல எழுதி வெச்சுக்க” என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நல்ல நாளில் அபசகுனமாகப் பேசுகிறாரே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். எனக்குக் கிடைத்த ஒரே நல்ல அறிவுரை அதுதான். தமிழ்நாட்டில் 2019-21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, பிறந்த குழந்தைகளில் 44.9 விழுக்காடு அறுவைச் சிகிச்சையில் பிறந்தவை. அதற்கு முந்தைய 2015-16 கணக்கெடுப்பில் அது 34.1 விழுக்காடு. 2019-21இல் தனியார் மருத்துவமனைகளை மட்டும் எடுத்தால் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36. இத்தனை அறுவைகளும் தேவைதானா என்ற கேள்வி நியாயமானது, அதைக் கேட்க வேண்டியவர்கள் கேட்கத்தான் வேண்டும். ஆனால் தனியார் மருத்துவமனையில் பெயரைப் பதிந்துகொண்ட கர்ப்பிணிக்கு அந்த எண் வேறு ஒன்றையும் சொல்கிறது: பாதிக்கு மேல் வாய்ப்புள்ள ஒன்றுக்கு எந்த ஆயத்தமும் இல்லாமல் அவர் போகிறார்.

ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரு நாள், டோக்கன் 31ஐக் கையில் வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் அந்த மருத்துவமனைக் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். என்னைச் சுற்றி இருந்த பெண்களின் பேச்சை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். பக்கத்தில் இருந்த பெண்ணுக்கு 37 வாரம். சித்திரையில் தலைப்பிள்ளை பிறந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னதால், பங்குனி முடிவதற்குள் நாள், நட்சத்திரம், லக்னம் பார்த்துக் குறித்துக் கொடுத்த சீட்டைக் கைப்பையில் வைத்திருந்தார். மருத்துவக் காரணம் எதுவும் இல்லையென்றால் 39 வாரம் நிறைவதற்கு முன் அறுவை செய்யக்கூடாது, குழந்தைக்கு மூச்சுத் திணறல் வரும் வாய்ப்பு அதிகம் என்பதை அவரிடம் யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. எனக்கும் அன்று தெரியாது. எதிரில் இருந்தவர் இரண்டாம் பிள்ளைக்காக வந்தவர். முதலாவது அறுவை என்பதால் இதுவும் அப்படித்தான் என்று கேட்காமலே ஏற்றுக்கொண்டிருந்தார். கல்லூரி முடித்த உடனே கல்யாணமான ஒரு சின்னப் பெண், அக்கா பிரசவ அறையில் கத்திய கத்தலை வெளியிலிருந்து கேட்டதால், தனக்கு நேராக ஆபரேஷனே போதும் என்று அவள் அம்மாவிடம் அழுதுகொண்டிருந்தாள். அந்த அம்மா அவள் வாயை அடைத்துக்கொண்டிருந்தார். நான்காவது ஆள் நான், எனக்கு அது வரவே வராது என்று உறுதியாக இருந்தவள். நான்கு பேரும் நான்கு விதமாக முடிவெடுத்திருந்தோம். மருத்துவரிடம் கேட்டு முடிவெடுத்தவர் ஒருவரும் இல்லை. உள்ளே போனால் ஐந்து நிமிடம்தான் கிடைக்கிறது, அந்த ஐந்து நிமிடத்தில் இரும்புச்சத்து மாத்திரையும் கால் வீக்கமும் போய்விடுகின்றன என்பது உண்மைதான். ஆகவே என் முதல் யோசனை இது: 34 அல்லது 35ஆவது வாரத்தில், வழக்கமான பரிசோதனையாக இல்லாமல், “பிரசவத்தைப் பற்றிப் பேச மட்டும் பதினைந்து நிமிடம் வேண்டும்” என்று தனியாக நேரம் கேளுங்கள். அதற்குத் தனிக் கட்டணம் கேட்டாலும் கொடுங்கள். நான் பின்னால் இழந்த பணத்தோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

எனக்குக் குறித்திருந்த தேதி மே 17. தேதி தாண்டி இரண்டாம் நாள், கத்திரி வெயிலில் வியர்த்து ஒழுகிக்கொண்டு போனவளிடம், “நாள் தாண்டிடுச்சு, அட்மிட் ஆகிடுங்க, ஜெல் வெச்சுப் பார்க்கலாம்” என்றார்கள். ஏன், இன்னும் சில நாள் காத்திருந்தால் என்ன என்று கேட்கத் தோன்றவில்லை. காலை பத்து மணிக்கு, வலியை வரவழைக்கும் அந்த ஜெல்லை வைத்தார்கள். மதியத்துக்கு மேல் வலி பிடித்தது. அம்மாவை உள்ளே விடவில்லை. அது அந்த மருத்துவமனையின் வழக்கம் என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. காவிரியில் வெள்ளம் வந்து தாய் அக்கரையில் சிக்கிக்கொண்டபோது, மகள் தனியாகப் பிரசவ வேதனைப்படுவதைப் பொறுக்காமல் சிவபெருமானே தாய் உருவத்தில் வந்து உடனிருந்தார் என்பதுதான் எங்கள் தாயுமானவர் கதை. அந்தக் கதையைச் சிறு வயதிலிருந்து கேட்டவள் நான். பெற்றெடுக்கும் பெண்ணுக்குப் பக்கத்தில் ஒருவர் வேண்டும் என்பதே அந்தக் கதையின் சாரம் என்று, திரைச்சீலைக்கு அப்பால் அம்மாவின் குரல் மட்டும் கேட்ட அந்த இரவில்தான் எனக்கு உறைத்தது. நம் அரசு மருத்துவமனைகளில் பிரசவ நேரத்தில் உறவுப் பெண் ஒருவர் உடனிருக்க ஏற்பாடு இருக்கிறது. தொடர்ந்து ஒருவர் உடனிருந்து தைரியம் சொன்னால் அறுவைச் சிகிச்சையின் தேவை ஓரளவு குறைகிறது என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் சொல்கிறார்கள். பெயரைப் பதியும் முன்பே, “பிரசவ அறைக்குள் யாரை விடுவீர்கள்?” என்று கேட்டுவிடுங்கள்.

இரவு பதினொரு மணிக்குக் கர்ப்பப்பை வாய் ஆறு சென்டிமீட்டர் திறந்திருக்கிறது என்றார்கள். அதிகாலை நான்கு மணிக்கும் அதே ஆறுதான். நடுவில் பனிக்குடம் உடைந்தபோது, குழந்தை உள்ளேயே மலம் கழித்திருந்ததால், தண்ணீர் பச்சையாக வந்தது. என் வயிற்றில் கட்டியிருந்த பட்டையோடு இணைத்த கருவியில், குதிரை ஓடுவதுபோல் கேட்டுக்கொண்டிருந்த குழந்தையின் இதயத்துடிப்பு, ஒவ்வொரு வலியின் முடிவிலும் தளர்ந்து, நின்றுவிடுமோ என்பதுபோல் இடைவெளி விட்டுக் கேட்டது. மருத்துவர் வந்தார், தாளைப் பார்த்தார், “இனி காத்திருக்க வேண்டாம்” என்றார். அந்த நிமிடம் எனக்கு வந்த முதல் எண்ணம் குழந்தையைப் பற்றியது இல்லை. தோற்றுவிட்டேன் என்பதுதான் முதல் எண்ணம். இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனாலும் பல பெண்களுக்கு இப்படித்தான் வருகிறது என்று பிறகு தெரிந்துகொண்டதால் மறைக்காமல் எழுதுகிறேன். அதோடு, வெளியில் நிற்கும் அத்தைக்கு என்ன பதில் சொல்வது என்ற கவலையும் வந்தது. அப்போதுதான் அந்தத் தாளை நீட்டினார்கள். ஒப்புதல் படிவத்தின் மாதிரியை முன்கூட்டியே கேட்டு வாங்கி, வீட்டில் நிதானமாகப் படித்து, புரியாததைக் கேட்டு வைத்துக்கொள்வதற்கு எந்தத் தடையும் இல்லை. கணவரும் படித்திருக்க வேண்டும்; என் கணவரும் அன்று கண்ணை மூடிக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டார்.

அறுவை அரங்கில் என்ன நடக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் அவ்வளவு மிரண்டிருக்க மாட்டேன். மேசையில் உட்கார வைத்து, முதுகைப் பூனைபோல் வளைக்கச் சொல்லி, இடுப்புக்கு மேலே முதுகுத்தண்டில் ஊசி போட்டார்கள். சில நிமிடங்களில் காலிலிருந்து வெதுவெதுப்பு ஏறி, பிறகு கால் என்னுடையது இல்லை என்பதுபோல் ஆகிவிட்டது. மார்புக்கு எதிரே பச்சைத் துணியைத் திரையாகக் கட்டினார்கள். வலி கொஞ்சமும் இல்லை; ஆனால் யாரோ வயிற்றுக்குள் கையை விட்டு ஒரு பையைத் துழாவுவதுபோல் இழுப்பதும் அழுத்துவதும் நன்றாகவே தெரியும். அது தெரிந்ததும் மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து நான் அலறினேன். தலைமாட்டில் நின்ற மயக்க மருந்து மருத்துவர் என் நெற்றியில் கை வைத்து, “இழுக்கறது தெரியும், வலி தெரியாது, அது சரிதான்” என்றார். பிறகு உடம்பு உதற ஆரம்பித்தது; பல் கிட்டித்து, கைகள் இரண்டும் தட்டில் கிடந்த மீன்போல் துடித்தன. அதுவும் அந்த ஊசிக்குப் பலருக்கும் வருவதுதான், தானே நின்றுவிடும் என்றார். ஊசி போட்டதிலிருந்து குழந்தையின் அழுகை கேட்கும் வரை இருபது நிமிடம்கூட ஆகியிருக்காது. தையல் போடத்தான் முக்கால் மணி நேரம் ஆயிற்று. குழந்தையை என் கன்னத்தில் ஒரு முறை ஒட்டிக் காட்டினார்கள். ஈரமாக, சூடாக இருந்தாள். மூச்சு வேகமாக இருக்கிறது என்று உடனே பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இரண்டு நாள் அங்கே இருந்தாள்.

பணத்தைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். பெயர் பதியும்போது வாய்மொழியாகச் சொன்ன கணக்கு, சுகப்பிரசவம் என்றால் 55,000 ரூபாய், சிசேரியன் என்றால் 85,000 ரூபாய். எழுதித் தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஐந்தாம் நாள் கையில் கொடுத்த பில் 1,48,600 ரூபாய். அந்த 85,000 போக, மயக்க மருந்து மருத்துவருக்கு 12,000, முதலில் நடந்த பிரசவ அறைச் செலவுக்கு 14,000, குழந்தையின் தீவிர சிகிச்சைக்கு நாளொன்றுக்கு 9,000 வீதம் 18,000, குழந்தை மருத்துவருக்கு 4,500, மருந்துக்கும் பொருள்களுக்கும் 15,100. கணவரின் நிறுவனக் காப்பீட்டில் மகப்பேறுக்கு உச்சவரம்பு 50,000 என்பதை அன்றுதான் பார்த்தோம். மீதி 98,600க்கு, கையிருப்பு போக, என் கல்யாண வளையல் இரண்டை அடகு வைத்தோம். மீட்கப் பதினொரு மாதம் ஆயிற்று. இதில் ஒரு ரூபாய்கூட ஏமாற்று என்று நான் சொல்லவில்லை, எதுவும் முன்கூட்டித் தெரியவில்லை என்பதுதான் என் குறை. இரண்டு வகைப் பிரசவத்துக்கும் மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். வலி பிடித்த பிறகு அறுவையாக மாறினால் இரண்டு கட்டணமும் சேருமா, மயக்க மருந்து மருத்துவர் அதில் அடக்கமா, குழந்தையைத் தீவிர சிகிச்சையில் வைத்தால் நாளொன்றுக்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். காப்பீட்டில் மகப்பேறு வரம்பு, அறை வாடகை வரம்பு, பிறந்த குழந்தைக்கு முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டா என்பதையும் ஏழாம் மாதத்திலேயே பார்த்துவிடுங்கள். அரசு மருத்துவமனைகளில் சிசேரியன் உட்பட பிரசவம், மருந்து, இரத்தம், உணவு, வீடு திரும்ப வண்டி எல்லாம் 2011ஆம் ஆண்டு தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தின்படி இலவசம். எங்களைப்போல் கடனில் இறங்கும் நிலையில் உள்ளவர்கள், கௌரவம் பார்த்து அதைத் தள்ளிவிட வேண்டாம் என்று மனதாரச் சொல்கிறேன்.

இரண்டாம் நாள் தலைவலி வந்தது. வழக்கமான தலைவலி இல்லை. படுத்திருந்தால் ஒன்றுமில்லை, எழுந்து உட்கார்ந்தால் பிடரியிலிருந்து நெற்றி வரை யாரோ கயிறு போட்டு இறுக்குவதுபோல் இருக்கும். “தலையத் தூக்கிட்டீங்க, அதான்” என்று எல்லோரும் என்னையே குற்றம் சொன்னார்கள். முதுகில் ஊசி போட்ட இடத்தில் நீர் கசிவதால் சிலருக்கு வருவது அது, நிமிர்ந்து படுத்தே கிடந்தாலும் வரலாம், அதற்கு மருத்துவம் உண்டு என்பதை மூன்றாம் நாள் மயக்க மருந்து மருத்துவர் வந்து பார்த்த பிறகுதான் அறிந்தேன். எழுந்தால் கூடுகிற, படுத்தால் குறைகிற தலைவலி என்று இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். சொன்ன உடனே அவர்களுக்குப் புரிந்துவிடும். இந்த ஊசியால் ஆயுள் முழுக்க முதுகுவலி வரும் என்று சொல்லாத ஆள் இல்லை. அது உண்மையில்லை என்றும், குனிந்து பால் கொடுப்பதும் தூக்கம் கெடுவதும்தான் பெரும்பாலும் காரணம் என்றும் அவரே சொன்னார்.

சீம்பால் கொடுக்க முடியவில்லையே என்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய வேதனை. குழந்தை வேறு மாடியில், நான் சிறுநீர்க் குழாயோடு படுக்கையில். கையால் பிழிந்து சின்னக் கிண்ணத்தில் எடுத்துக் கொடுத்தனுப்பலாம் என்று முதல் நாளே யாராவது சொல்லியிருக்கலாம். இரண்டாம் நாள் இரவுப் பணிக்கு வந்த ஒரு செவிலியர்தான் சொல்லிக்கொடுத்தார். அரை தேக்கரண்டிகூட வரவில்லை. அதைக் கையில் வாங்கியவர், “இது போதும்மா, தங்கம் மாதிரி” என்று சொல்லி, மூடி போட்டு எடுத்துக்கொண்டு மாடி ஏறினார். அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை. அறுவையில் பிறந்தால் பால் வராது என்பது பொய், தாமதமாகலாம், அவ்வளவுதான். தையலில் அழுத்தம் படாமல், ஒருக்களித்துப் படுத்தோ, குழந்தையை அக்குளுக்குக் கீழே பக்கவாட்டில் வைத்துக்கொண்டோ கொடுக்கும் முறைகளைக் கர்ப்பமாக இருக்கும்போதே பொம்மையை வைத்துப் பழகிக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு பத்தியம். பருப்பு சாப்பிட்டால் தையல் சீழ் பிடிக்கும், தண்ணீர் அதிகம் குடித்தால் வயிறு தொங்கும், பழம் தின்றால் பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்று மிளகு ரசச் சாதமும் பூண்டுமாக ஒன்பது நாள் ஓடியது. வயிற்றில் பழைய சேலையை இறுகச் சுற்றினார்கள், அந்த மே மாத வியர்வையில். எல்லாம் அன்பால் செய்ததுதான். அம்மாவும் அத்தையும் எனக்காக இரவெல்லாம் விழித்தவர்கள். பத்தாம் நாள் தையலின் ஒரு முனை பிரிந்து நீர் வடிந்தது. போய்க் காட்டியபோது மருத்துவர் முதலில் கேட்டதே சாப்பாட்டைப் பற்றித்தான். புண் ஆறுவதற்கு முட்டை, பருப்பு, மீன், காய், பழம், தாராளமாகத் தண்ணீர் எல்லாமே வேண்டும் என்றும், தையலைத் துடைத்து உலர்வாக வைத்திருக்க வேண்டும் என்றும் அத்தையின் முன்னிலையிலேயே சொன்னார். அதற்கு மட்டும் 6,400 ரூபாயும் இரண்டு வாரமும் போயின. வீடு திரும்பும் நாளில் உணவு விவரத்தை மருத்துவர் வாயாலேயே வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்ல வையுங்கள். நாம் சொன்னால் அது எதிர்த்துப் பேசுவதாகிவிடும்.

பார்க்க வந்தவர்களெல்லாம் குழந்தையைக் கையில் வாங்கும் முன்பே கேட்ட கேள்வி, “நார்மலா, ஆபரேஷனா?” ஆபரேஷன் என்றதும் ஒரு சின்ன “ம்ச்” வரும். அந்த ஒலி என்னை என்ன செய்தது என்று சொல்லத் தெரியவில்லை. ஒவ்வொரு “ம்ச்”சுக்கும் இரவில் தனியாக அழுதேன். பிறகு அழுகை கோபமாக மாறியது. பணத்துக்காகத்தான் அறுத்துவிட்டார்கள், ஜெல் வைத்துத்தான் கெடுத்துவிட்டார்கள் என்று திரும்பத் திரும்ப நினைத்து, ஆகஸ்ட் மாதம் சிகிச்சைப் பதிவுகளின் நகல் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தோம். முதலில் தயங்கினார்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதிகளில் இருப்பதை என் கணவர் பணிவாக எடுத்துச் சொன்ன பிறகு கொடுத்தார்கள்.

எனக்குப் பெரியம்மா முறையாகும் ஒருவர் அரசு மருத்துவமனையில் மகப்பேறு மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். சாப்பாட்டு மேசையில் அந்த நீளமான இதயத்துடிப்புத் தாளை விரித்து, சுருண்டுகொள்ளாமல் இரு முனையிலும் இரண்டு டம்ளரை வைத்துவிட்டு, பென்சிலால் ஒவ்வொரு பள்ளத்தையும் சுட்டினார். நிமிடத்துக்கு 110க்கும் 160க்கும் நடுவில் ஓட வேண்டிய கோடு, ஒவ்வொரு வலிக்குப் பிறகும் 80 வரை இறங்கி, ஏறுவதற்கு நேரம் எடுத்திருந்தது. “தண்ணி பச்சையா வந்திருக்கு, அஞ்சு மணி நேரமா வாய் திறக்கல, துடிப்பு இப்படி இறங்குது. நானா இருந்தாலும் அறுத்துத்தான்டி இருப்பேன்” என்றார். ஜெல்லைப் பற்றியும் கேட்டேன். காரணம் வேறு இல்லையென்றால் 41 வாரம் நிறையும் வரை காத்திருந்து பார்க்கலாம் என்பதுதான் உலக சுகாதார அமைப்பின் கருத்து என்றும், அதனால் அந்தக் கேள்வியை நான் அன்றே கேட்டிருக்கலாம் என்றும் சொன்னார். ஆனால் ஜெல்தான் அறுவைக்குக் காரணம் என்று சொல்ல அவர் ஒப்பவில்லை. 2018இல் வெளியான, முதல் பிரசவப் பெண்கள் ஆறாயிரம் பேருக்கு மேல் பங்கேற்ற அமெரிக்க ஆய்வு ஒன்றில், 39ஆவது வாரத்திலேயே வலி வரவழைத்தவர்களில் 18.6 விழுக்காட்டினருக்கும், காத்திருந்தவர்களில் 22.2 விழுக்காட்டினருக்கும் சிசேரியன் ஆனதாம். நம் ஊருக்கு அப்படியே பொருந்துமா என்று சொல்ல முடியாது, ஆனாலும் உன் கோபத்துக்கு அதில் ஆதாரம் இல்லை என்றார். மூன்று மாதமாக நெஞ்சில் கிடந்த கல் அந்த ஒரு மணி நேரத்தில் இறங்கியது. நான் வேண்டாத ஒன்று, வேண்டிய நேரத்தில் நடந்திருக்கிறது. அதை அன்றைக்கே மருத்துவமனையில் யாராவது அந்தத் தாளைக் காட்டி ஐந்து நிமிடம் விளக்கியிருக்கலாம். வீடு திரும்பும் முன்பே, “எனக்கு ஏன் அறுவை செய்தீர்கள்?” என்று கேளுங்கள். சண்டைக்குப் போவதுபோல் இல்லாமல், தெரிந்துகொள்ளக் கேளுங்கள்.

பெரியம்மா இன்னொன்றும் செய்தார். வீடு திரும்பும்போது மருத்துவமனை கொடுக்கும் சிகிச்சைச் சுருக்கத் தாளில் (டிஸ்சார்ஜ் சம்மரி) கர்ப்பப்பையை எந்தத் திசையில் வெட்டினார்கள் என்பதை அடிக்கோடிட்டார். வெளியே தெரியும் தழும்பு குறுக்கே இருந்தாலும் உள்ளே வேறாக இருக்கலாமாம். கீழ்ப்பகுதியில் குறுக்கு வெட்டு ஒன்று மட்டும் இருந்து, வேறு சிக்கல் இல்லாமல், நல்ல இடைவெளி விட்டு அடுத்தது உண்டானால், இயல்பான பிரசவத்துக்கு முயல்பவர்களில் நூற்றுக்கு அறுபது முதல் எண்பது பேர் வரை அப்படியே பெற்றுவிடுகிறார்கள். பழைய தழும்பு பிரியும் ஆபத்து ஏறத்தாழ இருநூறு பேரில் ஒருவருக்கு உண்டு என்பதால், உடனடியாக அறுவை செய்யும் வசதியுள்ள இடத்தில்தான் முயல வேண்டும். அறுவைகளின் எண்ணிக்கை கூடக் கூட, அடுத்தடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி தழும்பில் ஒட்டிக்கொள்ளும் ஆபத்தும் கூடுகிறது. இரண்டாவதுக்குக் கேட்காமலே ஒப்புக்கொண்டிருந்த அந்த எதிர் இருக்கைப் பெண்ணுக்கு இவற்றை யாராவது சொன்னார்களா என்று தெரியவில்லை. அந்தச் சுருக்கத் தாளை நான் இப்போது நிலப் பத்திரங்களோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.

என் நாத்தனார் கரூரில் இருக்கிறாள். அவளுக்கு இப்போது 35 வாரம். போன மாதம் வீட்டுக்கு வந்தபோது, “அண்ணி, எனக்கு நேரா ஆபரேஷனே பண்ணச் சொல்லிடலாம்னு இருக்கேன். நீங்க பதினெட்டு மணி நேரம் வலியும் பட்டு, கத்தியும் பட்டு, அதெல்லாம் என்னால முடியாது” என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒவ்வொரு முறையும் என் பிரசவக் கதையை அழுகையில் தொடங்கி அழுகையில் முடித்து அவளிடம் சொன்னவள் நான்தான். எனக்கு வளைகாப்பில் மற்றவர்கள் ஏற்றிவைத்ததுபோல், அவளுக்கு நான் ஏற்றிவைத்திருக்கிறேன். அன்றிரவு முதன்முறையாக அவளிடம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்: அந்த இதயத்துடிப்புத் தாளை, இரவுச் செவிலியரை, பெரியம்மாவின் பென்சிலை, பில்லின் ஒவ்வொரு வரியையும். அறுவைதான் வேண்டும் என்றாலும் அது அவள் உரிமை, ஆனால் என்னைப் பார்த்துப் பயந்து அந்த முடிவுக்கு வர வேண்டாம் என்றேன். வரும் வியாழக்கிழமை அவளுக்குத் தனியாக நேரம் வாங்கியிருக்கிறோம். நானும் கூடப் போகிறேன். கேள்விகளுக்கு என்று ஒரு நோட்டு கொடுத்தேன். முதல் பக்கத்தில் அவள் கையால் எழுதியிருக்கும் முதல் கேள்வி: “சுகப்பிரசவத்துக்கும் வலி தெரியாமல் இருக்க முதுகில் ஊசி போடுவீர்களா? இரவு இரண்டு மணிக்குக் கேட்டாலும் போட ஆள் இருப்பார்களா?”